சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம்? ஸ்கூபா டைவிங்கை உலகுக்குத் தந்த ஜாக் கூஸ்டோவின் கதை

ஸ்கூபா டைவிங் போறவங்க இன்னைக்கு மணிக்கட்டில் கட்டிய கம்ப்யூட்டரைப் பார்த்தாலே போதும். சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம்னு தெரிஞ்சிடும். ஆனால் ஜாக் கூஸ்டோ தொடங்கிய காலத்தில் நிலைமையே வேற. யார் இவர்?

விபத்து மாற்றிய வாழ்க்கை

1910 ஜூன் 11-ம் தேதி, பிரான்ஸின் போர்டோ நகருக்கு அருகே பிறந்தவர் கூஸ்டோ. 1930-ல் கடற்படையில் சேர்ந்தார். விமானி ஆவதுதான் கனவு. ஒரு கார் விபத்தில் கைகள் முறிய, அந்தக் கனவு கலைந்தது. கைகளுக்கு வலு சேர்க்க கடலில் நீந்தினார். சக அதிகாரி பிலிப் டாயே கொடுத்த கண்ணாடியைப் போட்டு தண்ணீருக்குள் பார்த்தவர், அதன்பின் கடலை விடவே இல்லை.

அக்வாலங் பிறந்தது எப்படி?

ஆக்சிஜன் கருவியோடு இறங்கி, வலிப்பு வந்து உயிர் தப்பியவர் அவர். 1942 டிசம்பரில் பாரிஸில் எமில் கன்யான் என்ற பொறியாளரைச் சந்தித்தார். பெட்ரோல் தட்டுப்பாட்டால் வாயுவில் ஓடிய கார்களுக்காக கன்யான் ஒரு வால்வு செய்திருந்தார். அதையே மூச்சுவிட ஏற்றபடி மாற்றினார்கள். மூச்சை இழுக்கும்போது மட்டும், ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்று வரும். 1943 ஜூனில் மத்தியதரைக் கடலில் சோதனை வெற்றி. அதுதான் அக்வாலங்.

காற்று தீர்ந்தால்?

ஆரம்ப வருடங்களில் பல டைவர்களிடம் தண்ணீருக்குள் பார்க்க அழுத்தமானி இல்லை. பின்னாளில் ரிசர்வ் வால்வு வந்தது. மூச்சு இழுக்கவே கஷ்டமானால் ஒரு கம்பியை இழுக்கணும். மேலே வர கொஞ்சம் காற்று கிடைக்கும். கம்பி எதிலாவது சிக்கி, தெரியாமலே ரிசர்வ் திறந்திருந்தால்? அவ்வளவுதான்!

குகையில் நடந்த பயங்கரம்

1946-ல் பிரான்ஸின் வோக்லூஸ் நீர்க்குகையில் கூஸ்டோவும் நண்பர் டூமாவும் இறங்கினார்கள். சிலிண்டரில் காற்று இருந்தும் இருவருக்கும் புத்தி மங்கியது. மேலிருந்தவர்கள் கயிற்றை இழுத்ததால் பிழைத்தார்கள். பிறகுதான் காரணம் தெரிந்தது. காற்று நிரப்பிய கம்ப்ரஸரின் புகையே சிலிண்டருக்குள் போய், கார்பன் மோனாக்ஸைடு கலந்திருந்தது.

கூஸ்டோ 1997 ஜூன் 25-ல், 87 வயதில் காலமானார்.

இப்போ எப்படி?

குறுகலான குகைகளுக்குப் போகிறவர்கள் சிலிண்டரை முதுகில் மாட்டாமல், உடலின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக மாட்டுகிறார்கள். இதுதான் சைடுமவுன்ட். இரண்டும் தனித்தனி என்பதால், இரண்டின் அழுத்தத்தையும் தனித்தனியாகப் பார்க்கணும். மாற்றி மாற்றி மூச்சு எடுக்கணும். இதற்கு ஒவ்வொரு சிலிண்டரின் ரெகுலேட்டரிலும் ஒரு வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர். தண்ணீரில் இதன் சிக்னல் அதிக தூரம் போகாது என்றாலும், மணிக்கட்டுக்கு எட்டிவிடும். பேட்டரி தீரலாம், சிக்னல் விட்டுப்போகலாம் என்பதால் பலர் சின்ன முள் மீட்டரையும் கூடவே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எந்த டிரான்ஸ்மிட்டரும் காற்றின் அளவைத்தான் சொல்லும், சுத்தத்தை அல்ல. அன்று வோக்லூஸில் அளவு காட்டும் கருவி இருந்திருந்தாலும் ஆபத்தைச் சொல்லியிருக்காது. அதனால் காற்றில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கா என்பதை, தண்ணீரில் இறங்கும் முன்பே சோதிக்கணும்.