தங்கக்கை வெங்கடராமன்

திருவண்ணாமலையில் படிக்கிற உங்களுக்கு ரமண மகரிஷியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கோவணம், கைத்தடி, அந்தப் பார்வை. பாதி டீக்கடையில் படம் இருக்கு. நான் சொல்லப்போறது அவர் வெங்கடராமனா இருந்த காலத்தை. காரணம் எங்க ப்ராஜெக்ட்: உடற்பயிற்சி செஞ்சா மார்க் ஏறுமா?

1879 டிசம்பர் 30, திருச்சுழியில் பிறந்தார். (அதே வருஷம்தான் ஜெர்மனியின் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வகத்தைத் தொடங்கினார். தற்செயல்தான், ஆனா மனசில் வச்சுக்கோங்க.) 1892-ல் அப்பா இறந்ததும் மதுரையில் சித்தப்பா வீடு, அமெரிக்கன் மிஷன் பள்ளி. ஃபுட்பால், குஸ்தி, நீச்சல் எதையும் விட மாட்டார். அவர் இருக்கிற டீம் ஜெயிக்கும்னு ‘தங்கக்கை’ன்னு பட்டப்பேர். ஒருமுறை கேட்ட பாடத்தை ஒப்பிக்கிற ஞாபகசக்தி, ஆனா படிப்பில் அக்கறை கிடையாது.

சரி, விளையாட்டு அவருக்கு ஞாபகசக்தியைக் கொடுத்ததா, படிப்பைக் கெடுத்ததா? ரெண்டையும் சொல்ல முடியாது. ஒரே ஆளைப் பார்த்தா அது கேஸ் ஸ்டடி. அதில் நல்ல கேள்வி கிடைக்கும், காரணம் கிடைக்காது. அதுவும் நரசிம்ம சுவாமி எழுதிய ஆங்கில வாழ்க்கை வரலாறு வந்தது 1931-ல். பள்ளிக்கூடக் கதையெல்லாம் முப்பது வருஷத்துக்கு மேல் கழிச்சு, ஞாபகத்திலிருந்து வந்தவை.

1896 ஜூலை, வயசு 16. மாடி அறையில் தனியா இருந்தப்ப திடீர்னு மரண பயம். உடம்பில் நோய் எதுவும் இல்லை. யாரையும் கூப்பிடலை. பிணம் மாதிரி விறைச்சுப் படுத்து, மூச்சை அடக்கி, உடம்பு போனா எது மிச்சம்னு உள்ளுக்குள்ள பார்த்தார். தன் மனசைத் தானே கவனிக்கிறதுக்கு உளவியலில் அகநோக்குன்னு பேர். வுண்ட் ஆய்வகத்திலும் அதைக் கருவிகளோட, கட்டுப்பாட்டோட திரும்பத் திரும்பச் செஞ்சாங்க. நான் யார் என்ற கேள்விக்கு அதைவிட்டா வேற வழி எனக்குத் தெரியலை. ஆனா அடுத்தவன் மார்க்கை அப்படி அளக்க முடியுமா?

ஆகஸ்ட் 29. ஆங்கில இலக்கணத்தை மூணு தடவை எழுதற இம்போசிஷன். பாதியில் வச்சுட்டு எழுந்தார். காலேஜ் ஃபீஸ் கட்ட அண்ணன் எடுத்துக்கச் சொன்ன ஐந்து ரூபாயில் மூணை எடுத்துக்கிட்டு, சீட்டு எழுதி வச்சுட்டுக் கிளம்பினார். விழுப்புரம் தாண்டி காசு பத்தாம கொஞ்ச தூரம் நடை, பிறகு கடுக்கனை அடகு வச்சு ரயில். செப்டம்பர் 1 திருவண்ணாமலை. 1950 ஏப்ரல் 14-ல் மறையும் வரை இந்த ஊரை விட்டுப் போகலை. பல வருஷம் மலையைச் சுற்றி நடந்தார், சுமார் 14 கிலோமீட்டர்.

நாமளும் நடக்கிறோம். கிரிவலம் போறவங்க மார்க் எவ்வளவுன்னு கூகுள் ஃபார்ம் அனுப்பிடலாம்னு என் பார்ட்னர் சொல்றான். ஒரே ராத்திரியில் முடியும், உண்மைதான். ஆனா ஒழுங்கா நடக்கிறவன் ஒழுங்காவும் படிக்கிறவனா இருந்தா? மார்க் ஏறினது நடையாலா, ஒழுங்காலா?

அதனால எட்டு வாரச் சோதனை. முன்னாடி ஒரு டெஸ்ட், பின்னாடி ஒரு டெஸ்ட். பேர் கொடுக்கிறவங்களுக்கு ஒரு நிபந்தனை: நீங்க தினமும் காலையில் நடக்கிற குரூப்பா, வழக்கம்போலத் தூங்கற குரூப்பான்னு சீட்டுக் குலுக்கித்தான் முடிவாகும். ஃப்ரெண்டோட சேர்ந்து மாத்திக்கக் கூடாது.