சமையலறையின் கூச்சலை அடக்கியவர்

நீங்கள் உணவகத்தில் சாப்பிட்டவற்றுள் இன்றுவரை மறக்க முடியாத உணவு எது? என்னைக் கேட்டால், முதலாம் ஆண்டுத் தேர்வு முடிந்த அன்று நண்பர்கள் நால்வராகச் சென்று ஒரு பேரங்காடியின் ராமென் கடையில் சாப்பிட்டதைத்தான் சொல்வேன். கோழி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுத்த, பால்போல் வெளுத்த சூப். அதற்குள் மீ, பாதி வெந்த முட்டை, மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். நாங்கள் அமர்ந்த இடத்திலிருந்து சமையலறை முழுவதும் தெரிந்தது. ஒருவர் மீயை வடித்தார். ஒருவர் சூப்பை ஊற்றினார். ஒருவர் இறைச்சியை நறுக்கி அடுக்கினார். கடைசியாக நின்றவர் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்து அனுப்பினார். யாரும் யாரையும் கத்தவில்லை.

மறக்க முடியாத இன்னோர் உணவகமும் உண்டு. ஆனால், அங்கு நான் சாப்பிடவில்லை; தட்டுக் கழுவினேன். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் செலவுக்குப் பணம் சேர்க்க அங்கு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒவ்வொரு தட்டும் ஓவியம்போல் அலங்கரிக்கப்பட்டு வெளியே போகும். அங்கு ஒருவர் ஒரு வேளை சாப்பிடும் காசில் நான் ஒரு மாதம் பசியாறலாம். கதவுக்கு இந்தப் பக்கமோ கெட்ட வார்த்தை இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. ஒரு நாள், சூப் ஆறிவிட்டது என்பதற்காக என்னைவிட இளைய உதவியாளன் ஒருவன்மீது தட்டு வீசப்பட்டது. அவன் குளிரூட்டும் அறைக்குள் சென்று அழுதுவிட்டு வந்து மறுபடியும் அடுப்பருகே நின்றான். நான் பார்த்துக்கொண்டே தட்டுக் கழுவினேன். ஒன்றும் பேசவில்லை.

சமையலறை என்றால் அப்படித்தான் இருக்கும் என்றனர் அங்கிருந்த மூத்தவர்கள். அப்படித்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்வி என்னை விடவில்லை. விடுமுறை முடிந்து பல்கலைக்கழக நூலகத்தில் தேடியபோது கிடைத்த பெயர்தான் ஓகுஸ்ட் எஸ்கோஃபியே.

எஸ்கோஃபியே 1846ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் பிரான்சின் தென்பகுதியில், நீஸ் நகருக்கு அருகிலுள்ள வில்நெவ் லூபே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இரும்புக் கொல்லர். சிறுவனுக்கோ சிற்பியாக வேண்டும் என்பது கனவு. வீட்டு நிலை அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1859இல், தம் 13ஆம் வயதில், நீஸ் நகரில் சிற்றப்பா நடத்திய உணவகத்தில் எடுபிடியாகச் சேர்க்கப்பட்டார். உறவினர் என்பதால் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. அடியும் திட்டும் பயிற்சியின் பகுதிகளாகவே இருந்தன. அவர் உயரம் குறைந்தவர். அடுப்பின் அனல் நேரே முகத்தில் அடிக்கும் என்பதால் குதிகால் உயர்ந்த காலணி அணிந்து வேலை செய்தார். அந்தப் பழக்கம் அவரிடம் பின்னாளிலும் நீடித்தது.

அக்காலத்துச் சமையலறை எப்படி இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நிலக்கரி அடுப்பு, காற்றோட்டமில்லாத நிலவறை, புகை. சூட்டைத் தாங்குவதற்காகச் சமையல்காரர்கள் வேலை நேரத்திலேயே மது குடித்தனர். குடித்தபின் சண்டையும் வசவும் சொல்லவா வேண்டும்? சமையல்காரர் என்றாலே குடிகாரர், நாகரிகம் அறியாதவர் என்றுதான் சமுதாயம் எண்ணியது. தலைவாழை விருந்து உண்டவர்கள்கூட அதைச் சமைத்தவரை மதித்ததில்லை.

1865இல் எஸ்கோஃபியே பாரிஸ் சென்று புகழ்பெற்ற ஓர் உணவகத்தில் சேர்ந்தார். 1870இல் பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டது. அவர் படையின் சமையல்காரராக மெட்ஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். நகரம் முற்றுகையிடப்பட்டது. உணவு தீர்ந்துபோக, குதிரைகளே இறைச்சியாயின. முற்றுகை வரும் என முன்கூட்டியே உணர்ந்து கோழி முதலியவற்றைச் சேர்த்து வைத்திருந்த எஸ்கோஃபியே, இருப்பதைக் கொண்டு அதிகாரிகளுக்கு உணவு படைத்தார். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் நகரம் சரணடைய, அவரும் போர்க் கைதியானார். கைக்குக் கிடைத்ததை வீணாக்காமல் சமைப்பது, உணவைக் கெடாமல் பாதுகாப்பது, யாருக்கு எந்த வேலை என்று வகுத்துச் செயல்படுவது ஆகிய மூன்றும் அவர் பிற்கால வாழ்க்கை முழுவதும் தொடர்ந்ததைக் காணலாம்.

1884ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. மோண்டி கார்லோ நகரில் செசார் ரிட்ஸ் நிர்வகித்த தங்கும் விடுதியில் தலைமைச் சமையல்காரராகப் பொறுப்பேற்றார். ரிட்ஸ், சுவிட்சர்லாந்து விவசாயி ஒருவரின் மகன். கொல்லர் மகனும் விவசாயி மகனும் கைகோத்து ஐரோப்பிய அரச குடும்பங்களையே தங்கள் மேசைக்கு வரவழைத்தனர். 1890இல் இருவரும் லண்டன் மாநகரின் சவோய் விடுதிக்கு வந்தனர். அது திறக்கப்பட்டு ஓராண்டே ஆகியிருந்தது.

அங்குதான் எஸ்கோஃபியே சமையலறையைப் பல பிரிவுகளாகப் பிரிக்கும் தம் முறையை நிலைநிறுத்தினார். அதற்கு முன்னர் ஒரு சமையல்காரர் ஓர் உணவைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே சமைப்பார். எஸ்கோஃபியே குழம்புக்கு ஒருவர், வாட்டுவதற்கு ஒருவர், காய்கறிக்கும் முட்டைக்கும் ஒருவர், குளிர்ந்த பதார்த்தங்களுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் எனப் பொறுப்புகளைப் பிரித்தார். எடுத்துக்காட்டாக, முட்டையுடன் வாட்டிய ஆட்டுச் சிறுநீரகமும் ஒரு குழம்பும் சேர்ந்த உணவு ஒன்று உண்டு. ஒருவர் தனியே செய்தால் கால் மணி நேரம் ஆகும். மூன்று பிரிவினர் ஒரே நேரத்தில் செய்தபோது சில நிமிடங்களில் சுடச்சுட மேசைக்குச் சென்றது. ராமென் கடையில் நான் பார்த்த நால்வரும் இந்த ஏற்பாட்டின்படிதான் நின்றிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவர் செய்த அடுத்த மாற்றமே என்னை அதிகம் கவர்ந்தது. சமையலறையில் மதுவைத் தடை செய்தார். அதற்கு மாற்றாக, மருத்துவர் ஒருவரின் ஆலோசனையுடன் வாற்கோதுமைப் பானம் எப்போதும் கிடைக்கும்படி செய்தார். கெட்ட வார்த்தைகளுக்குத் தடை விதித்தார். வாடிக்கையாளர் கேட்ட உணவைச் சமையலறையில் கத்திச் சொல்பவருக்குப் பிரெஞ்சு மொழியில் குரைப்பவர் என்று பொருள்படும் பெயர் இருந்தது. எஸ்கோஃபியே அந்தப் பெயரையே மாற்றி, அறிவிப்பாளர் என்றாக்கினார். தமக்குக் கோபம் வந்தால் சமையலறையைவிட்டு வெளியே போய், தணிந்தபின் திரும்புவார். தம்மிடம் வேலை செய்தவர்கள் வெளியே போகும்போது நன்றாக உடுத்த வேண்டும், படிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

இந்த அமைதியான சமையலறையிலிருந்துதான் மறக்க முடியாத உணவுகள் வந்தன. 1890களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பா லண்டனில் பாடிய இசை நாடகத்தில் அன்னப்பறவை ஒன்று வரும். அதை நினைவில் வைத்து, பனிக்கட்டியில் செதுக்கிய அன்னத்தின் சிறகுகளுக்கு நடுவே, வெனிலா ஐஸ்கிரீமின் மேல் பீச் பழத்தை வைத்து அவருக்குப் படைத்தார். பின்னர் ராஸ்பெரிப் பழக்கூழும் சேர்ந்து, பீச் மெல்பா என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. சிற்பியாக வேண்டும் என்ற சிறுவனின் ஆசை பனிக்கட்டியில் நிறைவேறியது எனலாம். ஆங்கிலேயர் தவளைக்கால் உண்ண முகம் சுளிப்பார்கள் என்பதால், வனதேவதைகளின் பெயரைச் சூட்டி அதை வேல்ஸ் இளவரசரின் விருந்தில் பரிமாறினார் என்பதும் சுவையான செய்தி.

1903இல் அவர் நண்பர்களின் துணையுடன் வெளியிட்ட சமையல் வழிகாட்டி நூலில் 5,000க்கும் மேற்பட்ட குறிப்புகள் உள்ளன. அந்நூல் எலும்பைக் கொதிக்கவைத்து எடுக்கும் சாற்றிலிருந்தே தொடங்குகிறது. அடிச்சாறு சரியாக அமைந்தால் மற்றவை தாமே அமையும் என்பது அவர் கொள்கை. 1908இல் ஜப்பானிய விஞ்ஞானி கிகுனே இகேடா, கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணமான பொருளைக் கண்டறிந்து அச்சுவைக்கு உமாமி எனப் பெயரிட்டார். எஸ்கோஃபியேயின் எலும்புச் சாற்றிலும் ராமென் சூப்பிலும் நாக்கு தேடுவது அந்தச் சுவையைத்தான்.

இவ்வளவும் படித்தபோது கட்டுரை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை, நான் போற்றும் தலைவர் என்ற தலைப்பில் எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். பிறப்பு, வறுமை, உழைப்பு, புகழ், நானும் அவரைப்போல் ஆவேன் என்ற முடிவு. எஸ்கோஃபியே அந்த அச்சில் கச்சிதமாகப் பொருந்தினார். அதன் பிறகுதான் 1898ஆம் ஆண்டுக்கு வந்தேன்.

அவ்வாண்டு மார்ச் மாதம் சவோய் விடுதி ரிட்ஸையும் எஸ்கோஃபியேயையும் ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கியது. சமையல்காரர்கள் சிலர் கொதித்தெழுந்து, காவல்துறையினர் வரும் அளவுக்குக் கலவரம் ஆனது. காரணம் வெளியில் சொல்லப்படவில்லை. ஆனால், 1900ஆம் ஆண்டு ஜனவரியில் எஸ்கோஃபியே ஓர் ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார். பொருள் வழங்கிய வணிகர்களிடமிருந்து 5 விழுக்காடு வரை தரகு பெற்றதை அதில் ஏற்றுக்கொண்டார். வணிகர்கள் தங்கள் நட்டத்தை ஈடுகட்ட எடை குறைவாகப் பொருள் அனுப்பினர். அவர் விடுதிக்குத் தர வேண்டியது 8,000 பவுன் எனக் கணக்கிடப்பட்டது. அவர் கட்டியது 500 பவுன். அந்த ஆவணம் 1980களில்தான் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. அதற்குள் அவர் மறைந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

அக்காலப் பிரெஞ்சுச் சமையல்காரர்களிடையே தரகு வாங்குவது வழக்கமாக இருந்தது என்று அவருக்காக வாதாடுவோர் உண்டு. இருக்கலாம். ஆனால், குடிப்பதும் கத்துவதும்கூட அன்றைய வழக்கம்தானே? அந்த வழக்கங்களை உடைத்தவர், தமக்கு ஆதாயம் தந்த வழக்கத்தை மட்டும் ஏன் உடைக்கவில்லை? இந்தக் கேள்விக்கு முன்னால் என் கட்டுரை இரண்டு வாரம் நின்றது. வேறு யாரைப் பற்றியாவது எழுதலாமா என்றும் யோசித்தேன்.

மீதி வாழ்க்கையையும் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று தொடர்ந்து படித்தேன். 1898 ஜூன் மாதம் பாரிஸில் ரிட்ஸ் விடுதியும், 1899இல் லண்டனில் கார்ல்டன் விடுதியும் திறக்கப்பட்டன. கார்ல்டன் சமையலறையை எஸ்கோஃபியே 1920 வரை நடத்தினார். அந்த விடுதி இருந்த இடத்தில் பின்னாளில் எழுந்த நியூசிலாந்து மாளிகையின் சுவரில், வியட்நாம் தலைவர் ஹோ சி மின் 1913இல் கார்ல்டனில் வேலை செய்தார் எனக் கூறும் பலகை பதிக்கப்பட்டது. 1910இல் எஸ்கோஃபியே, முதியோரின் வறுமையை ஒழிப்பதற்கான பரஸ்பர உதவித் திட்டம் ஒன்றை நூலாக எழுதி வெளியிட்டார். 1914இல் மூண்ட முதல் உலகப் போரில் தம் மகன் டேனியலை இழந்தார். அந்தத் துயரத்திலும், போருக்குச் சென்ற தம் சமையலறை ஊழியர்களின் குடும்பங்களுக்காக நிதி திரட்டினார். பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு உயரிய விருது வழங்கி, 1928இல் அதன் அடுத்த படிநிலைக்கும் உயர்த்தியது. 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், மனைவி டெல்ஃபின் இறந்த சில நாள்களிலேயே, தம் 88ஆம் வயதில் மோண்டி கார்லோவில் காலமானார். அவர் பிறந்த வீடு 1966 முதல் அருங்காட்சியகமாகியது.

நல்லது ஒருபுறம், கெட்டது ஒருபுறம் என்று நிறுத்துப் பார்த்துக் கழித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவர் அடக்கிய கூச்சல் உண்மை. வாங்கிய தரகும் உண்மை. அடி வாங்கி வளர்ந்த சிறுவன், தன் கீழ் வேலை செய்தவர்களை அடிக்காமல் நடத்தினான் என்பதை எந்த வாக்குமூலமும் அழித்துவிடாது. அந்த வாக்குமூலத்தை எந்தப் பீச் மெல்பாவும் இனிப்பாக்கிவிடாது. ஆகவே, நானும் அவரைப்போல் ஆவேன் என்று இக்கட்டுரையை முடிக்க மாட்டேன். கறையில்லாத தலைவர்களைப் பற்றியே எழுதிப் பழகிய கைக்கு இது சிரமமாகத்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வழக்கம் என்று சொல்லி அவர் தரகு வாங்கினார். வழக்கம் என்று சொன்னதைக் கேட்டு நான் வாய் மூடித் தட்டுக் கழுவினேன். அவரைக் கணக்குக் கேட்கும் நான், குளிரூட்டும் அறையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாததை என் கணக்கில் எழுதத்தான் வேண்டும். இப்போதெல்லாம் எந்த உணவகத்தில் சாப்பிட்டாலும், தட்டைப் பார்ப்பதற்கு முன் சமையலறைக் கதவுப் பக்கம் என் காது போகிறது.