ராக்கெட் ஏறிய சேவல்

தும்பாக் கடற்கரையிலிருந்து 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் எழும்பியதைத் திருவனந்தபுரத்தில் பயிலும் நாம் அனைவரும் அறிவோம். அதற்கு 28 ஆண்டுகட்கு முன்பே வங்கத்தில் ஒரு சேவலும் பெட்டையும் ராக்கெட்டில் பறந்து உயிரோடு இறங்கின என்றால் நம்மில் பலர் நம்பார்.

அனுப்பியவர் ஸ்டீபன் ஸ்மித். 1891-இல் ஷில்லாங்கில் பிறந்தவர். கல்கத்தாவில் சுங்க இலாகா, போலீஸ், பல் வைத்தியம் என்று பல தொழில் பார்த்தவர். மனமோ, தபாலை வானில் செலுத்துவதிலேயே கிடந்தது. தபால்தலை சேகரிப்போர் இன்றும் அவரை மறவார். 1934 செப்டம்பர் 30-இல் கப்பலிலிருந்து சாகர் தீவை நோக்கி விட்ட முதல் ராக்கெட் நடுவானில் வெடித்துக் கடிதங்களைச் சிதறடித்தது. வாணக் கம்பெனி செய்த ராக்கெட், வேறென்ன எதிர்பார்ப்பது!

மனிதர் சோர்ந்தாரில்லை. 1935 மே 31-இல் குவெட்டா நகரம் பூகம்பத்தில் அழிந்தது. வழியற்ற இடங்கட்கு உணவனுப்ப ராக்கெட் உதவும் என்று கருதி, அடுத்த வாரமே ரூப்நாராயண் நதியைத் தாண்டி அரிசிப் பொட்டலம் அனுப்பிக் காட்டினார். பொருள் போகும்; உயிர் போய்ச் சேருமா?

ஜூன் 29. தாமோதர் நதிக்கரை. ஆதாம், ஏவாள் என்று பெயரிட்ட சேவலையும் கோழியையும் உள்ளே வைத்து அக்கரைக்கு ஏவினார். திறந்து பார்த்தபோது இரண்டும் உயிரோடிருந்தன! நாமாயிருந்தால் குழம்பு வைத்திருப்போம். அவரோ விலங்குக் காட்சிசாலையில் சேர்ப்பித்தார்.

1957-இல் ரஷ்யர் அனுப்பிய லைகா நாய் விண்வெளியையே எட்டியது. ஆனால் அது திரும்ப வழியே வைக்கப்படவில்லை. ஸ்மித் கடந்தது ஓர் ஆறுதான். எனினும், ஏறிய உயிர் இறங்கவேண்டும் என்பதே அவர் சோதனை.

1944 வரை ஏறத்தாழ 270 ராக்கெட்டுகள் விட்டார். 1951-இல் மறைந்தார். இந்திய அரசு 1992-இல் அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.