கரும்புக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்

வேலூர், ஆம்பூர் என்றால் தோல் தொழில் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பக்கத்துப் பாலாற்றங்கரையில் கரும்பும் விளைகிறது. இன்றைய கரும்பின் பூர்வீகத்தைத் தேடினால், ஒரு தமிழரின் பெயர் வரும்.

அவர்தான் சர் டி. எஸ். வெங்கட்ராமன். 1884-ம் ஆண்டு பிறந்தவர்.

பூ கிடைத்த ஊர்

அந்தக் காலத்தில் வட நாட்டுக் கரும்பு ஒல்லியானது, விளைச்சலும் குறைவு. ஜாவாவில் இருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை வந்து இறங்கியது.

புதுக் கரும்பு தேவைப்பட்டது. அது எப்படிக் கிடைக்கும்?

கரும்பைக் கரணை வெட்டி நடுகிறோம். கரணையில் முளைப்பது தாயைப் போலவே இருக்கும். புது ரகம் வேண்டுமானால் பூவும் விதையும் வேண்டும். வட நாட்டில் கரும்பு சரிவரப் பூப்பதில்லை. கோவையிலோ பூத்து, விதையும் பிடித்தது.

ஆகவே 1912-ல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. டாக்டர் பார்பர் தலைவர், வெங்கட்ராமன் உதவியாளர்.

நாணல் மாப்பிள்ளை

தடித்த, இனிப்பான 'வெள்ளை'க் கரும்பு மணப்பெண். காட்டு நாணல் மாப்பிள்ளை! நாணலில் இனிப்பு இல்லை. ஆனால் வறட்சியையும் நோயையும் தாங்கும் உறுதி உண்டு.

பிறந்த பிள்ளை 'கோ 205'. 1918-ல் அது பஞ்சாப் வயல்களுக்குப் போயிற்று. பழைய கரும்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது!

பார்பருக்குப் பிறகு வெங்கட்ராமன் பொறுப்பேற்றார். பல ரகங்களை உண்டாக்கினார். சோளத்தோடும் மூங்கிலோடும்கூடக் கரும்பை இணைத்துப் பார்த்தார். 1930-களின் இறுதிக்குள் இந்தியா தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தானே செய்துகொண்டது.

பூக்கும் ரகசியம்

இந்தக் கல்யாணத்தில் ஒரு சிக்கல் உண்டு. பெண் ஒரு மாதம் பூக்கும்; மாப்பிள்ளை வேறு மாதம் பூக்கும். நடவை முன்பின்னாக மாற்றி இரண்டையும் சேர்க்கப் பார்ப்பதுண்டு.

பூக்கும் காலத்தை எது முடிவு செய்கிறது? முக்கியமாகப் பகலின் நீளம். அதை இலை அறிகிறது. உடனே இலையில் சில மரபணுக்கள் வேலை தொடங்குகின்றன. அங்கே உண்டாகும் புரதம் குருத்துக்குப் போய், இலை விட்டது போதும், பூ விடு என்று சேதி சொல்கிறது. நெற்பயிரில் இதை விஞ்ஞானிகள் 2007-ல் கண்டறிந்தார்கள். வெங்கட்ராமன் காலத்தில் இது யாருக்கும் தெரியாது.

விவசாயிக்குக் கரும்பு பூத்தால் நஷ்டம். வளர்ச்சி நிற்கும், வெட்டாமல் விட்டால் இனிப்பும் குறையும். ஆனால் ஆராய்ச்சியாளருக்கு அந்தப் பூதான் புதையல்.

வெங்கட்ராமனுக்கு 1942-ல் 'சர்' பட்டமும், 1956-ல் பத்மபூஷண் விருதும் கிடைத்தன. 1963-ல் அவர் காலமானார்.

பொங்கலுக்குக் கரும்பைக் கடிக்கும்போது, அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்!