மூளை டாக்டர் ராமமூர்த்தி

சீர்காழியில் 1922-ல் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி, சென்னையிலும் சீமையிலும் பயின்று, 1950-ல் சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்.

ஓயாமல் ஓடி, கண்டதை உடைத்து, பிறரை அடிக்கும் குழந்தைகளைப் பேய் பிடித்தவர்கள் என்று ஊரார் ஒதுக்கிய காலம் அது. மூளையில்தான் கோளாறு என்று கருதிய அவர் குழுவினர், அத்தகைய சிலருக்கு மூளையிலேயே அறுவை செய்தனர். 1970-ல் அதை உலக மருத்துவர்களுக்கு எழுதினர்.

பிற்காலத்தில் அந்த முறை வழக்கொழிந்தது. இன்று அப்பிள்ளைகளுக்குப் பயிற்சியும், தேவையானால் மருந்தும் கைகொடுக்கின்றன.

2003-ல் அவர் மறைந்தார். குறை, பிள்ளையின் குணத்திலோ தாயின் வளர்ப்பிலோ இல்லை. மூளை வளரும் விதத்தில் இருக்கிறது என்பது நிலைத்துவிட்டது. இளம்பிள்ளைத் தறி வீடானாலும் சரி, மாளிகையானாலும் சரி, அத்தகைய பிள்ளைக்கு அடி வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நலம்.