கொடுவிலங்கைத் தேடிச் சென்றவர்

அச்சம் தருவனவற்றைக் கண்டு அகன்று போவது மக்கள் இயல்பு. அவற்றைத் தேடிக்கொண்டு போவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் கென்னத் ஆண்டர்சன். திருப்பதியில் பயிலும் நாம் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் சேஷாசல மலைக்காடுகளிலும் அவர் துப்பாக்கியுடன் இரவு பகலாய் அலைந்திருக்கிறார். இதனை நம்முள் பலர் அறியார். ஆதலின் அவர் வரலாற்றைச் சுருக்கமாக இங்கே எழுதுகிறேன்.

ஆண்டர்சன் 1910-ஆம் ஆண்டு ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். இந்தியாவிலே பல தலைமுறைகள் வாழ்ந்த ஸ்காத்லாந்துக் குடும்பம் அவருடையது. வேட்டையில் ஆர்வத்தை ஊட்டியவர் தந்தையே. பெங்களூரில் கல்வி பயின்றார். சட்டம் கற்க எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டும் அங்கே மனம் ஒன்றவில்லை. படிப்பை விட்டுத் திரும்பிவிட்டார். பின்னர்ப் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பணிபுரிந்தார். 1947-க்குப் பின் அவரைப் போன்றோர் பலர் கடல் கடந்து சென்றனர். அவரோ இங்கேயே இருந்து, 1974-இல் பெங்களூரில் மறைந்தார்.

அவர் நூல்களைப் படிப்போர்க்கு ஒன்று விளங்கும். நகரத்து மன்றங்களும் விருந்துகளும் அவற்றில் அரிதாகவே தலைகாட்டுகின்றன. மாடு மேய்ப்போரும், மூங்கில் வெட்டுவோரும், பூசாரிகளும், திருட்டு வேட்டைக்காரருமே ஏடுதோறும் நிறைந்திருக்கின்றனர். அவர் நெடுங்கால நண்பராகக் கொண்டாடிய பைரா, சின்னாற்றங்கரையில் வளை தோண்டி வாழ்ந்த காட்டுவாசி. தம் இனத்தாரின் அவையில் ஒட்டாத ஆண்டர்சன், தமிழும் கன்னடமும் பேசிக் காட்டு மக்களின் தீயருகே அமர்ந்து மகிழ்ந்தார். பேய், மந்திரம், பாம்புக்கடிக்கு மூலிகை ஆகியவற்றையும் ஆவலோடு கேட்டறிந்தார். ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்தைச் சேர்ந்த எனக்கு இந்த மனநிலை ஓரளவு புரிகிறது. பிறந்த கூட்டத்தைவிட நெருங்கிய கூட்டம் ஒன்று சிலருக்கு வேறிடத்தில் வாய்த்துவிடுகிறது.

1954-இல் வெளிவந்த அவருடைய முதல் வேட்டை நூலில், அந்நாளைய சித்தூர் மாவட்டத்துச் சாமலாப் பள்ளத்தாக்கின் ஆட்கொல்லிப் புலி ஓர் இயலைப் பெற்றிருக்கிறது. 1957-இல் வந்த நூலில் ரேணிகுண்டாவுக்கு வடக்கே இருப்புப்பாதையை ஒட்டிய மாமண்டூர் இடம்பெறுகிறது. 1939 முதல் 1966 வரை, எட்டு ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் ஏழு ஆட்கொல்லிப் புலிகளையும் அவர் வீழ்த்தியதாக அரசுப் பதிவுகள் கூறும்.

ஆயினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது இந்த எண்ணிக்கையன்று. ஓசூர்ப் பகுதியிலுள்ள கும்ளாபுரத்துச் சிறுத்தையை எண்ணிப் பாருங்கள். அது நாற்பத்திரண்டு பேரைக் கொன்றது. மக்கள் பொழுது சாயுமுன் கதவடைத்தனர்; அதனைப் பேயென்றே நம்பினர். இரவில் அதற்காகக் காத்திருந்த ஆண்டர்சனிடம் தெருநாயொன்று வந்து ஒண்டிக்கொண்டது. சிறுத்தை நெருங்குவதை முதலில் உணர்ந்து அவரை எச்சரித்தது அந்த நாயே. அதனைத் தம் வீட்டுக்கே அழைத்துச்சென்று வளர்த்தார். சிறுத்தை வீழ்ந்தபின் அதன் உடலை ஆராய்ந்தார். முன்காலின் விரல்களுக்கிடையே முள்ளம்பன்றியின் முட்கள் தைத்து முறிந்திருந்தன. மானைத் துரத்த இயலாத நொண்டி விலங்கு, எளிதில் கிடைத்த மனிதனைப் பற்றியது. ஊர் கண்ட பேய் அவ்வளவே.

இவ்வாறு காரணம் தேடுவதை அவர் வழக்கமாகவே கொண்டிருந்தார். விலங்கு ஆட்கொல்லியாய் மாறுவதற்குக் குறிதவறிய துப்பாக்கிக் குண்டும், முதுமையும், ஆறாத புண்ணும் காரணமாவதைப் பலமுறை எழுதினார். அரைகுறையாய்ச் சுட்டுவிட்டு ஓடிப்போகும் மனிதனே பல வேளைகளில் அக்கொடுமையின் தந்தை என்பது அவர் கருத்து. கொடிய உருவங்கள் மீது தீராத மயக்கம் கொண்டவர், அவ்வுருவத்தின் உள்ளே நோயுற்ற ஓர் உயிரைக் கண்டார். கண்டதை மறைக்காது எழுதினார்.

அவர் கதைகளில் சுவைக்காகக் கூட்டியன உண்டு என்பாரும் உளர். அறிவியல் மாணவன் என்ற முறையில் அந்த ஐயத்தை நான் ஒதுக்கமாட்டேன். சாட்சி குறைந்த இடங்களில் அவரைக் கதை சொல்லியாகவே கொள்ளலாம். ஆனால் அஞ்சிய பின்னும் ஆராய வேண்டும் என்ற அவர் பழக்கம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. முதுமையில் அவர் துப்பாக்கியினும் புகைப்படக் கருவியை விரும்பினார். காடும் விலங்கும் அருகி வருவதை எண்ணி வருந்தி எழுதினார்.

இப்பழக்கம் நமக்கு இன்று வேண்டியதாயிருக்கிறது. 2023 ஜூனில் அலிபிரி நடைபாதையில் மூன்று வயதுச் சிறுவனைச் சிறுத்தை கவ்வியது, அவன் பிழைத்தான். ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அப்பெற்றோரின் துயருக்கு எந்த விளக்கமும் மருந்தாகாது. கூண்டுகள் வைக்கப்பட்டன, சிறுத்தைகள் பிடிபட்டன, பக்தர்களுக்குக் கைத்தடிகள் வழங்கப்பட்டன. உயிர்களைக் காக்க அவை வேண்டியனவே. அவற்றோடு கேட்கவேண்டிய கேள்விகளும் உள. வழியோரம் நாம் எறியும் உணவு நாயையும் பன்றியையும் இழுப்பதில்லையா? அவற்றின் பின்னே சிறுத்தை வாராதா? பிடிபட்ட விலங்கின் பல்லும் பாதமும் நலமாயிருந்தனவா?

சிறுத்தையைப் பேயென்று பழிப்பது எளிது. கடவுளின் ஊர்தியென்று கைகூப்புவதும் எளிது. இரண்டும் அடுத்த குழந்தையைக் காக்கா. காரணத்தை அறிந்தால் காக்கலாம். கொடுவிலங்கைத் தேடிச் சென்ற அந்தத் தனிமனிதரிடம் நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே.