ரொக்கையா சகாவத் உசைன்

ரொக்கையா சகாவத் உசைன் (டிசம்பர் 9, 1880 - டிசம்பர் 9, 1932) வங்காள எழுத்தாளரும் கவிஞரும் கல்வியாளரும் ஆவார். பேகம் ரொக்கையா என்னும் பெயரால் பரவலாக அறியப்படுகிறார். 1905 ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆங்கில இதழில் இவர் எழுதிய சுல்தானாவின் கனவு என்ற சிறுகதை, இந்திய அறிபுனை இலக்கியத்தின் தொடக்ககால ஆக்கங்களுள் ஒன்றாகும். கதையில் பெண்களுக்கென இரு பல்கலைக்கழகங்களைப் படைத்த இவர், வாழ்வில் ஒரு பெண்கள் பள்ளியை நிலைநிறுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடினார்.

இளமை

இன்றைய வங்காளதேசத்தில் உள்ள ரங்பூர் மாவட்டத்தின் பைராபந்து என்னும் ஊரில், நிலக்கிழார் குடும்பத்தில் ரொக்கையா பிறந்தார். தந்தை பல மொழிகள் அறிந்தவர். ஆயினும் பெண் மக்களைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அக்குடும்பத்தில் இல்லை. ஐந்து வயது முதலே ரொக்கையா பர்தா முறைக்கு உட்படுத்தப்பட்டார். வெளியார் வீட்டுப் பெண்கள் வந்தாலும் அவர்கள் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. வங்காள மொழியையும் ஆங்கிலத்தையும் பெண்கள் கற்பது விரும்பப்படவில்லை. வீட்டார் உறங்கிய பின்னர் அண்ணன் இப்ராகிம் சாபேர் விளக்கொளியில் இவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். கவிதை எழுதும் ஆற்றல் பெற்றிருந்த அக்கா கரிமுன்னிசா வங்காள மொழியில் ஊக்கம் அளித்தார்.

1890களின் இறுதியில், பீகாரின் பாகல்பூரில் துணை நீதிபதியாக இருந்த சையது சகாவத் உசைனை மணந்தார். மனைவியை இழந்தவரான சகாவத் இவரைவிட வயதில் மிக மூத்தவர், உருது பேசுபவர். பெண் கல்வியில் நம்பிக்கை கொண்டிருந்த அவர், மனைவி எழுதுவதை ஆதரித்தார். இவர்களுக்குப் பிறந்த இரு பெண் குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்தனர்.

எழுத்துப் பணி

1902 இல் வங்காள இதழில் வெளிவந்த கட்டுரையுடன் இவரது எழுத்துப் பணி தொடங்கியது. தொடர்ந்து கவிதை, கட்டுரை, சிறுகதை, புதினம் எனப் பல வடிவங்களிலும் எழுதினார். இவரது கவிதைகள் கல்கத்தாவின் வங்காள இதழ்களில் வெளிவந்தன. கட்டுரைகளும் கதைகளும் மோத்திச்சூர் என்னும் பெயரில் இரு தொகுதிகளாக வந்தன. பத்மராக் (1924) என்னும் புதினமும், பர்தா முறையின் கொடுமைகளை 47 சிறு நிகழ்ச்சிகள் வழியே எடுத்துரைக்கும் அவரோதபாசினி (1931) என்னும் நூலும் குறிப்பிடத்தக்கவை.

சுல்தானாவின் கனவு

கணவர் பணி நிமித்தம் வெளியூர் சென்றிருந்த நாட்களில், பொழுதுபோக்காக இக்கதையை ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதினார். திரும்பிய கணவர் நின்றபடியே முழுவதையும் படித்து, ஆண்கள் மீது தீர்க்கப்பட்ட பயங்கரமான பழி இது என்று வியந்தார். கமலா சத்தியநாதன் 1901 முதல் சென்னையில் நடத்திவந்த இந்தியன் லேடீஸ் மேகசின் இதழில் கதை வெளியானது. இந்தியப் பெண்களுக்காக ஓர் இந்தியப் பெண் ஆசிரியராக இருந்து நடத்திய அவ்விதழில் சரோஜினி நாயுடுவும் எழுதியுள்ளார். 1908 இல் இக்கதை கல்கத்தாவில் தனி நூலாகவும், 1922 இல் மோத்திச்சூர் இரண்டாம் தொகுதியில் வங்காள மொழியிலும் வெளிவந்தது.

கதையில் வரும் பெண்கள் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் ஆட்சி நடத்துகின்றனர். ஒரு பல்கலைக்கழகம் குழாய் பொருத்திய பலூன் மூலம் மேகத்திலிருந்து நேரடியாக நீரைப் பெறும் வழியைக் கண்டுபிடிக்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவியை உருவாக்குகிறது. வயல்கள் மின்சாரத்தால் உழப்படுகின்றன. சமையலுக்குச் சூரிய வெப்பம் பயன்படுகிறது. மக்கள் வான்வழியே செல்கின்றனர். ரைட் சகோதரர்கள் முதன்முதலாக விமானத்தில் பறந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அண்டை நாட்டுப் போரில் ஆண்கள் தோற்றபோது, பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவியருடன் சென்று, திரட்டிய சூரிய ஒளியைப் பகைவர் மீது பாய்ச்சி விரட்டுகிறார். இருபத்தொரு வயதுக்கு முன் பெண்களுக்குத் திருமணம் செய்வது அந்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது.

1896 இல் ஜகதீஷ் சந்திர போஸ் எழுதிய வங்காளக் கதையில், கடலில் ஊற்றப்பட்ட கூந்தல் எண்ணெய் ஒரு புயலை அடக்குகிறது. அக்கதையும் இந்திய அறிபுனையின் முன்னோடிகளுள் ஒன்று. ரொக்கையாவின் கதையோ, அறிவியல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை எழுப்பியது. அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்சு கில்மனின் பெண்கள் நாடு பற்றிய புதினம் பத்து ஆண்டுகள் கழித்தே, 1915 இல் வெளிவந்தது.

பள்ளி

1909 இல் சகாவத் உசைன் காலமானார். பெண்கள் பள்ளிக்கென அவர் ஒதுக்கியிருந்த பத்தாயிரம் ரூபாயைக் கொண்டு, அதே ஆண்டில் ஐந்து மாணவியருடன் பாகல்பூரில் ரொக்கையா பள்ளி தொடங்கினார். குடும்பச் சொத்துப் பிணக்கு காரணமாக அவ்வூரை விட்டு வெளியேற நேர்ந்தது. 1911 இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி மீண்டும் தொடங்கப்பட்டது. தாம் எந்தப் பள்ளியிலும் பயிலாத ரொக்கையா, வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசி மாணவியரைச் சேர்த்தார்.

கதையில் வானூர்தி விட்ட இவர், பள்ளிப் பேருந்தை இயக்கப் பெரும்பாடுபட்டார். பர்தாவுக்காக முற்றிலும் அடைக்கப்பட்ட வண்டியில் காற்றின்றிச் சிறுமியர் மயங்கினர். அடைப்பை நீக்கித் திரை கட்டியபோது, காற்றில் திரை விலகுவதாகக் கண்டனக் கடிதங்கள் வந்தன. இந்நிகழ்ச்சியை அவரோதபாசினியில் இவரே பதிவு செய்துள்ளார். பர்தா முறையை எழுத்தில் சாடிய ரொக்கையா, மாணவியர் வருகை நின்றுவிடக்கூடாது என்பதற்காகத் தாமும் பர்தா அணிந்தே பள்ளியை நடத்தினார்.

1916 இல் முசுலிம் பெண்களுக்கான சங்கம் ஒன்றை நிறுவினார். 1926 இல் கல்கத்தாவில் நடைபெற்ற வங்காளப் பெண்கள் கல்வி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

மறைவும் நினைவும்

டிசம்பர் 9, 1932 அன்று தமது 52 ஆம் பிறந்த நாளில் கல்கத்தாவில் காலமானார். அப்போது பெண்களின் உரிமை பற்றிய கட்டுரை ஒன்றை எழுதி முடிக்காமல் விட்டிருந்தார். வங்காளதேசத்தில் டிசம்பர் 9 ரொக்கையா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ரங்பூரில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. சுல்தானாவின் கனவு 2024 இல் யுனெசுக்கோவின் உலக நினைவகத் திட்டத்தின் ஆசிய பசிபிக் வட்டாரப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. எட்டு மாணவியருடன் தொடங்கிய பள்ளி, அரசுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியாகக் கொல்கத்தாவில் இயங்கி வருகிறது.